இரண்டு வேளை, ஒரு கிண்ணம்

அத்தியாயம் 11

போன வாரம் இனாஸை எங்கே விட்டோம்? மேம்பாலத்தின் மேல், டாக்ஸிக்குள், தன் முகத்தையே தான் அண்ணாந்து பார்த்தபடி. மூன்று மாடி உயரத்துக்குத் தன் படத்தை மாட்டியிருக்கும் ஊரில் ஒரு பெண்ணால் நிம்மதியாக டாக்ஸியில் போக முடியுமா?

முடியாது. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், வெளியே படத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "நம்ம வீட்லயும் இப்ப அந்தப் பச்சை டப்பாதான் டாக்டரம்மா" என்றார். இனாஸ் சிரித்து வைத்தாள். விளம்பரத்தில் சிரித்த அதே சிரிப்பு. அது வெளியானதிலிருந்து, இந்த நாலு மாதமாக, அவளுக்கு வேறு சிரிப்பு வருவதில்லை.

இத்தனைக்கும் அவள் டாக்டரே இல்லை. ஷுப்ரா பகுதியில் மருந்துக்கடை நடத்துகிறாள். ஆனால் கெய்ரோவில் மருந்துக்கடையில் நிற்கிறவள் டாக்டரம்மாதான், வெள்ளைக் கோட்டு ஒன்று போதும். கணவர் மொஃபித் போன வருடம் மாரடைப்பில் இறந்தபிறகு அவள் உடம்பு பாதியாகிப் போயிற்று. கடையில் கூட்டமான ஒரு நாள், ஒருத்தி எல்லோர் முன்னாலும், "என்ன சாப்பிட்டு இப்படி அழகா இளைச்சீங்க?" என்று கேட்டாள். அத்தனை பேர் நடுவில் இறந்தவர் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கவுண்டரில் கிடந்த, பாலில் போட்டுச் சாப்பிடும் தானிய ஃப்ளேக்ஸ் டப்பாவைக் காட்டினாள். அவள் செய்தது அவ்வளவுதான். டப்பாக் கம்பெனியின் விளம்பர ஆள் ஹாத்தெம் அடுத்த மாதமே கேமராவோடு வந்து நின்றான்.

இதெல்லாம் நம் வாசகர்களுக்குத் தெரியும். இன்றைக்கு ரமலானின் மூன்றாவது வாரம். மகள் லம்யாவுக்குப் பெருநாள் கழித்துக் கல்யாணம். இன்று சூரியன் மறையும் நேரத்தில் இனாஸின் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே இரண்டாவது விளம்பரம் எடுக்கப் போகிறார்கள். அம்மாவும் பெண்ணும் கையில் ஆளுக்கொரு கிண்ணத்தோடு.

*

பிற்பகலில் கடையில் ஈ மொய்க்கிற மாதிரி கூட்டம். நோன்பு மாதத்தில் மருந்துக்கடைக்காரிக்கு ஒரு தனி வேலை உண்டு. டாக்டர்கள் மற்ற மாதங்களுக்கு எழுதிக் கொடுத்ததை ரமலானுக்குத் தோதாக மாற்றிச் சொல்ல வேண்டும்.

"மூணு வேளை மாத்திரைம்மா இது" என்றார் ஒரு பெரியவர். "நோன்புல எப்படிப் போடறது?"

"நீங்களா விடக்கூடாது, நீங்களா சேத்தும் போடக்கூடாது. உங்க டாக்டர்கிட்ட நான் பேசறேன். ஒரு வேளை மாத்திரையா மாத்தித் தரச் சொல்றேன்."

"நல்லா இருப்பே."

இதே கேள்வி, இதே மாதிரி பதில், வருடா வருடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

பெரியவருக்குப் பின்னால் அஃபாஃப் நின்றிருந்தாள். தெருமுனைப் பழக்கடைக்காரரின் மனைவி, குரலிலேயே வியாபாரம் செய்துவிடுகிற பெண். இன்று அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தலை சுத்துது டாக்டரம்மா. சத்து மாத்திரை ஏதாவது குடுங்க."

இனாஸ் அவள் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள். இருக்க வேண்டியதைவிட ரொம்பக் கீழே இருந்தது.

"நோன்பு திறந்ததும் என்ன சாப்பிடறீங்க?"

"நீங்க சொன்னதைத்தான்."

"நான் எப்ப சொன்னேன்?"

"டிவியில சொன்னீங்களே. தினமும் ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலா வேளைக்கு ஒரு கிண்ணம்னு. நோன்பு திறக்க ஒரு கிண்ணம், விடியறதுக்கு முன்னால ஸஹருக்கு ஒரு கிண்ணம். தண்ணி கூட அளவாத்தான் குடிக்கிறேன். பெருநாளைக்கு அந்த நீலக் கவுனுக்குள்ள நுழைஞ்சுடணும்."

"சரி. அந்த மூணாவது வேளை?"

அஃபாஃப் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். வெயிலில் டாக்டரம்மாவுக்கும் தலை சுற்றுகிறது போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

"ரமலான்ல ஏதும்மா மூணாவது வேளை?"

இனாஸின் கை பட்டையின் மேலேயே நின்றுவிட்டது.

டப்பாவின் பின்பக்கம் அவளுக்கு மனப்பாடம். இரண்டு வேளை உணவுக்குப் பதிலாக வேளைக்கு ஒரு கிண்ணம் என்று கொட்டை எழுத்தில். மூன்றாவது வேளை முழுமையான சத்துள்ள உணவு என்று கீழே எறும்பு எழுத்தில். எங்கோ காலை, மதியம், இரவு என்று மூன்று முறை உட்கார்ந்து சாப்பிடுகிற ஊரில் யாரோ எழுதியது. அதை அப்படியே கொண்டுவந்து அரபியில் ஒட்டினார்கள். கொட்டை எழுத்தை மட்டும் இனாஸின் வாயில் கொடுத்தார்கள். அவளும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒப்பித்தாள். ஊரார் மாத்திரையையெல்லாம் ரமலானுக்கு மாற்றிக் கொடுக்கிறவளுக்கு, தன் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

"அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்க" என்றாள். "இன்னைக்குச் சூப், சோறு, கோழி எல்லாம் வயிறாரச் சாப்பிடணும். நான் சொல்றேன்."

"அப்ப டிவியில சொன்னது?"

அஃபாஃபின் வெளிறிய உதட்டில் இனாஸ் வேறொரு உதட்டை, மகளின் உதட்டை, பார்த்துவிட்டாள்.

இந்த ரமலான் முழுவதும் அவள் கடையிலேயேதான் நோன்பு திறக்கிறாள். உதவிக்கு இருக்கும் பெண்ணுக்குச் சின்னக் குழந்தைகள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவள் காவல். தினமும் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வீட்டுக்குப் போன் பேசுவாள். தினமும் லம்யா ஒரே பதிலைச் சொல்லுவாள். சாப்பிட்டாச்சும்மா.

இனாஸ் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, உதவிப் பெண்ணிடம் கடையை ஒப்படைத்து, வீட்டுக்கு ஓடினாள்.

*

வீட்டு நடையில் ஒருக்களித்துத்தான் போக முடியும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு, எல்லாம் பிரிக்காத அட்டைப் பெட்டிகளில் நடை முழுக்க நின்றன. கல்யாணப் பெண்ணுக்கு டப்பாக் கம்பெனி கொடுத்த சீர். மாப்பிள்ளை நாதெரின் அம்மா வந்து ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது. அந்த அம்மாள் போகிற போக்கில் சிரித்துக்கொண்டே வேறொன்றும் சொல்லிவிட்டுப் போனாள். மேடையில எது பொண்ணு, எது அம்மான்னு ஜனங்க குழம்பப் போறாங்க. எல்லோரும் சிரித்தார்கள். லம்யாவும் சிரித்தாள். அன்றைக்குத்தான் அவளுடைய கிண்ணம் ஆரம்பித்தது என்பது இப்போது பெட்டிகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு போகும்போதுதான் இனாஸுக்கு உறைத்தது.

சமையலறையில் திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டி வேகவைக்கும் வாசனை. தரையில் லம்யா காலை நீட்டி, அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் நெற்றியை ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள் ஸொஹேர்.

ஸொஹேர் மொஃபித்தின் தங்கை. உடம்பும் பெரிது, குரலும் பெரிது. இரண்டையும் பற்றி அவளுக்கு வெட்கமே கிடையாது.

"வாங்க அண்ணி" என்றாள். "உங்க பொண்ணு உப்பு எடுக்க எழுந்தா. எழுந்தவ அப்படியே சரிஞ்சுட்டா. கீழ விழுந்த சத்தம் கூடக் கேக்கல. சத்தம் வர்றதுக்கு உடம்புல ஏதாவது இருக்கணுமே."

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் லம்யா. "வெயிலு."

இனாஸ் கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து மகளின் விரலைக் குத்தினாள். சர்க்கரை குறைந்திருந்தது. பயந்து கத்துகிற அளவு இல்லை, ஆனால் நோன்பைத் தொடர விடக்கூடாத அளவு.

"நேத்து நோன்பு திறக்க என்ன சாப்பிட்டே?"

"அதான் சொன்னேனே. சாப்பிட்டேன்."

"என்னன்னு கேட்டேன்."

"கிண்ணம்."

"ஸஹருக்கு?"

லம்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. இருபத்துமூன்று வயதுக் கன்னம். இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் இருந்தோம் என்று இனாஸுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"இப்பவே நோன்பை விடு. சர்க்கரைத் தண்ணி கலக்கறேன்."

"மாட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல பாங்கு சொல்லிடுவாங்க."

"நோயாளிக்கு அல்லாஹ் சலுகை குடுத்திருக்கான்டி" என்றாள் ஸொஹேர். "பிடிவாதக்காரிக்குத்தான் குடுக்கல. நீ எதுன்னு முடிவு பண்ணு."

"நான் நோயாளி இல்ல அத்தை. அம்மா பண்ணினதைத்தானே பண்றேன்? அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே. எவ்வளவு அழகா இருக்காங்க. எனக்கு மட்டும் ஏன் தலை சுத்துது? நான்தான் எதையோ தப்பாப் பண்றேன். பாலைக் குறைச்சுப் பாக்கணும்."

திட்டலாம், அதட்டலாம், சாப்பிடுகிற வரை பட்டினி கிடப்பேன் என்று மிரட்டலாம். எதற்கும் இந்தப் பெண்ணிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. நீ பண்ணினியே. அந்தப் பதிலைப் பிடுங்கிப் போடாத வரை இவள் வாயில் ஒரு கவளம் இறங்காது.

லம்யா சுவரைப் பிடித்து எழுந்து, முகம் கழுவப் போனாள். ஸொஹேர் கையிலிருந்த ஈரத் துணியை ஓரமாகப் போட்டாள்.

"அண்ணி. எங்கண்ணனோட நாப்பதாம் நாளு ஞாபகம் இருக்கா? கறியும் சோறுமாத் தட்டைக் கொண்டுவந்து உங்க முன்னால வச்சேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"ஸொஹேர், இப்ப வேணாம்."

"சாப்பிட்டாச்சுன்னீங்க. நான் போய்க் குப்பைக்கூடையைப் பாத்தேன், பாத்திரத்தைப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. அன்னைக்குப் பகல்ல இந்த வீட்ல அடுப்பே எரியல. பீரோ மேல எங்கண்ணன் வாங்கி அடுக்கின பச்சை டப்பா மட்டும் ஒண்ணொண்ணாக் குறைஞ்சுது."

இனாஸ் குழாயைத் திறந்து, கை கழுவ ஒன்றும் இல்லாமலே கை கழுவினாள்.

மொஃபித்துக்கு அந்த டப்பா அறவே பிடிக்காது. கோழித்தீவனம் என்பார். ஆனால் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று டாக்டர் மிரட்டிய பிறகு, டப்பாவில் சிவப்பாக ஒரு இதயம் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தள்ளுபடியில் வண்டி நிறைய வாங்கி வந்தார். தினமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு கிண்ணம். முழுசாக மூன்று டப்பா கூடத் தின்று முடிக்கவில்லை, மனிதர் போய்விட்டார். மிச்சத்தை யாருக்கும் கொடுக்க இனாஸுக்கு மனசு வரவில்லை. லம்யா இல்லாத நேரத்தில் தனக்கு மட்டும் சமைக்கவும் கை வரவில்லை. பீரோ மேலிருந்து ஒரு பிடி அள்ளி, பால் கூட ஊற்றாமல், நின்றுகொண்டே மென்றாள். பல நாள் அதுவும் இல்லை. அவள் உடம்பை இளைக்க வைத்தது டப்பா அல்ல, டப்பாவை வாங்கியவர்.

"அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள் ஸொஹேர்.

"சொன்னா, பாலத்து மேல இருக்கற படம்? நடையில நிக்கற பெட்டி? நாதெர் வீட்டுக்கு என்ன பதில் சொல்றது? டாக்டரம்மா ஊரையே ஏமாத்தினான்னு தெருவே பேசும்."

"பேசட்டுமே. என்னைப் பத்திப் பேசாததா? நான் நடந்தா மாடிப்படி அழுவுதுன்னு என் வீட்டுக்காரரே சொல்றாரு. அந்த மனுஷனுக்குத்தான் தினமும் வடிச்சுக் கொட்டறேன்."

இனாஸ் சிரிக்கத்தான் நினைத்தாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. லம்யாவின் அறைப் பக்கம் இரண்டடி வைத்தாள்.

வாசல் மணி அடித்தது.

*

ஹாத்தெம் கெட்டவன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவனும் நோன்பு, அவனுக்கும் உதடு காய்ந்திருந்தது. வரும்போது கதாயெஃப் இனிப்பு ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்திருந்தான். தன் அம்மாவுக்கு மருந்து வாங்க இனாஸின் கடைக்குத்தான் வருவான். அப்படிப்பட்டவனை முகத்துக்கு நேரே எதிர்ப்பதுதான் கஷ்டம்.

"ரமலான் வாழ்த்துக்கள் டாக்டரம்மா. பொண்ணைப் பாருங்க, எப்படி இளைச்சு அம்சமா ஆயிட்டா. நம்ம விளம்பரத்துக்கு இதைவிடச் சாட்சி வேணுமா?"

லம்யாவின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் அவளை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

விளக்குகளை நிறுத்தினார்கள். கேமராக்காரர் மேசையின் எதிரே கால் பரப்பி நின்றார். உதவிக்கு வந்த பெண் இரண்டு கிண்ணங்களைத் துடைத்துப் பளபளப்பாக்கினாள். பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து, கெட்டியான வெள்ளை க்ரீமை வழித்து வழித்துக் கிண்ணத்தை நிரப்பினாள். அதன்மேல் ஃப்ளேக்ஸை ஒவ்வொன்றாகக் குத்தி நிறுத்தினாள்.

"அது என்னம்மா?" என்றாள் ஸொஹேர்.

"பால் ஊத்தினா ஊறிப்போயிடும் அத்தை. க்ரீம்ல குத்தினாத்தான் மேல நிக்கும். படத்துல அழகாத் தெரியும்."

"இளைக்கறதுக்கு விளம்பரம், அதுல ஒரு கிண்ணம் க்ரீமா? அடி ஆத்தாடி, எனக்கு ரெண்டு கிண்ணம் குடு. நானும் இளைக்கறேன்."

கேமராக்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினார். ஹாத்தெம் மட்டும் சிரிக்கவில்லை. மேசை நடுவில் ஸொஹேர் கொண்டுவந்து வைத்த இலைச்சுருள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இந்தத் தட்டு மட்டும் படத்துல வேணாமே."

"தட்டு எங்கயும் போகாது தம்பி. உங்க கேமராவை வேணா கொஞ்சம் திருப்பிக்குங்க."

இனாஸ் அவனை ஜன்னல் பக்கம் அழைத்தாள்.

"ஹாத்தெம், ஒரு வரி சேக்கணும். டப்பாவுக்குப் பின்னால இருக்கே, மூணாவது வேளை முழுச் சாப்பாடுன்னு. நோன்புல மூணாவது வேளை இல்ல. ஜனங்க ரெண்டு வேளையும் இதையே தின்னுட்டு மயங்கி விழறாங்க. இன்னைக்குக் கடையில ஒருத்தி. வீட்ல ஒருத்தி."

ஹாத்தெம் லம்யாவைப் பார்த்தான். ஒரு கணம் அவன் முகத்தில் நிஜமான கலக்கம் தெரிந்தது. பிறகு அது வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"அதான் டப்பாவுலயே போட்டிருக்கே டாக்டரம்மா."

"அந்த எழுத்தை நீங்க படிச்சிருக்கீங்களா?"

"நான் படிக்கலைன்னா யாரு படிப்பா?"

"படியுங்க, பாக்கலாம்."

டப்பாவைக் கையில் கொடுத்தாள். அவன் கண்ணருகே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான், விளக்குப் பக்கம் திரும்பினான்.

"கண்ணாடி கார்ல இருக்கு" என்றான் மெதுவாக. "பாருங்க, இதெல்லாம் பெருநாளுக்கு அப்புறம் பேசிக்கலாம். இன்னைக்கு ரெண்டே வரி. 'நான் செஞ்சேன். இப்ப என் பொண்ணும் செய்யறா.' அதுக்கப்புறம் நோன்பு திறக்கற பீரங்கிச் சத்தம். ஆளுக்கு ஒரு ஸ்பூன். முடிஞ்சுது. நடையில அத்தனை பெட்டியையும் பாத்துட்டுத்தானே வந்தேன். பெரிய இடத்துல பேசி வாங்கினது அது. என்னைச் சங்கடப்படுத்தாதீங்க."

பெட்டிகள். இனாஸ் திரும்பி நடையைப் பார்த்தாள். அட்டைகளுக்கு மேல் சுவரில் மொஃபித்தின் படம் பாதி மறைந்து, நெற்றி மட்டும் தெரிந்தது.

அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இதைப் படித்துவிட்டு நம் வாசகிகள் அவளைத் திட்டுவார்கள் என்று தெரியும். ஆனால் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற விதவை ஒருத்தி, வீடு நிறைய ஆட்களும் விளக்கும் இருக்கும்போது, எழுந்து வெளியே போங்கள் என்று சொல்வது அத்தனை சுலபமில்லை.

*

தெருவில் சத்தம் அடங்கியது. வண்டிகள் நின்றுவிட்டன. எதிர்வீட்டு ரேடியோவில் குர்ஆன் ஓதுவது ஜன்னல் வழியே தெளிவாகக் கேட்டது. மேசையில் பேரீச்சம்பழம், ஆப்ரிகாட் பழச்சாறு, இலைச்சுருள், சூப். அவற்றின் முன்னால், வெளிச்சத்துக்கு நடுவில், இரண்டு கிண்ணம்.

லம்யாவுக்கு முன்னால் இருந்த கிண்ணத்தில் க்ரீம் இல்லை. அவளே போய் ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள். எட்டிப் பார்த்த இனாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பால் இல்லை. தண்ணீர்.

"ஓடுது" என்றார் கேமராக்காரர்.

"சொல்லுங்க டாக்டரம்மா" என்றான் ஹாத்தெம்.

இனாஸ் கேமராவைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு தானாக உதட்டுக்கு வந்தது.

"நான் செஞ்சேன்" என்றாள்.

பீரங்கி முழங்கியது. தொடர்ந்து தெரு முழுக்கப் பாங்கு எழுந்தது. லம்யா கண்ணை மூடி, நோன்பு திறக்கும் பிரார்த்தனையை முணுமுணுத்து, ஸ்பூனை எடுத்தாள். பேரீச்சம்பழத்தைக் கூடத் தொடவில்லை. ஸ்பூன் கிண்ணத்தின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

இனாஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல. நான் செய்யல."

"கட்" என்றான் ஹாத்தெம்.

"நான் எதையும் செய்யல லம்யா. என்னை இளைக்க வச்சது இது இல்ல. அப்பா போன பிறகு எனக்குச் சோறு இறங்கல. உனக்குத் தெரியாம இருக்கணும்னு தினமும் நீ காலேஜ்லருந்து வர்றதுக்குள்ள ஒரு தட்டைக் கழுவிக் கவுத்து வப்பேன். சாப்பிட்ட மாதிரி. உங்கப்பா விட்டுட்டுப் போன டப்பாவுல ஒரு பிடி அள்ளி வாயில போட்டுக்குவேன். அது அவர் வாங்கினதுன்னுதான் தின்னேன். பசிக்காக இல்ல, இளைக்கறதுக்காகவும் இல்ல. கடையில ஒருத்தி கேட்டா. அழுதுடுவேனோன்னு பயந்து டப்பாவைக் காட்டினேன். அவ்வளவுதான். நான் அழகாகல கண்ணு. நான் செத்துக்கிட்டிருந்தேன்."

ஸொஹேர் முக்காட்டு நுனியை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். அண்ணனை நினைத்தா, அண்ணியை நினைத்தா, அவளுக்கே தெரியாது.

லம்யாவின் கை அம்மாவின் கைக்குள் கனமாக இருந்தது. அவள் அழவில்லை. அழாததுதான் இனாஸைப் பயமுறுத்தியது.

"தினமும் கேட்டேனேம்மா" என்றாள் லம்யா. "சாப்பிட்டியான்னு. தினமும் சாப்பிட்டாச்சுன்னு சொன்னியே. நான் காலேஜ்ல எல்லார்கிட்டயும் எங்கம்மா நாளுக்கு நாள் அழகாயிட்டே வர்றாங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். எனக்கு அப்பாவும் இல்ல. நீயும் போயிருந்தா, அப்பவும் அதைத்தான் சொல்லியிருப்பேனா?"

இனாஸ் மகளின் கையிலிருந்த ஸ்பூனை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள். ஒரு பேரீச்சம்பழத்தைப் பிட்டு, கொட்டையை எடுத்துவிட்டு, நீட்டினாள். லம்யா நெடுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

ஸொஹேர் சூப்பை ஊற்றினாள். ஒரு இலைச்சுருளைத் தட்டில் வைத்தாள். இன்னொன்று. பெரிய குரல்காரி மூச்சுக்கூடச் சத்தம் வராமல் விட்டுக்கொண்டிருந்தாள். லம்யா சூப்பை இரண்டு வாய் குடித்தாள். இலைச்சுருளைக் கடித்தாள், மென்றாள். இனாஸ் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இறங்கியது. மொஃபித் போன பிறகு இவ்வளவு நிம்மதியாக அவள் எதையும் பார்த்ததில்லை.

ஹாத்தெம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நிஜமாகவே அழுதிருந்தான். கேமராக்காரர் பக்கம் குனிந்தான்.

"நிறுத்திட்டீங்களா?"

"நீங்க கட்னு சொன்னீங்க. எனக்குத்தான் நிறுத்த மனசு வரல. எல்லாம் இருக்கு."

ஹாத்தெம் நாற்காலியை இழுத்து, இனாஸின் அருகே உட்கார்ந்தான். அவன் குரல் துக்கம் விசாரிக்க வந்தவனின் குரலாக இருந்தது.

"டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எழுதிக் குடுத்த அந்த ரெண்டு வரியைத் தூக்கிப் போட்டுடலாம். நீங்க இப்ப சொன்னது ஆயிரம் மடங்கு மேல. அவர் விட்டுட்டுப் போன டப்பா. யாருமே துணையில்லாதப்ப உங்க கூட இருந்த ஒரு கிண்ணம். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துட்டா, இதைப் பாத்து அழாத வீடு இருக்காது. நடையில இருக்கற பெட்டியெல்லாம் அப்படியே இருக்கட்டும். வேணும்னா மூணாவது வேளை விஷயத்தையும் படத்துக்குக் கீழ எழுத்துல போட்டுடலாம்."

"எந்தக் கடைசி வரி?" என்றாள் ஸொஹேர்.

எல்லோருக்கும் தெரியும், 'நான் செத்துக்கிட்டிருந்தேன்' என்ற வரி என்று.

இனாஸ் நடையைப் பார்த்தாள். பெட்டிகளுக்கு மேலே மொஃபித்தின் நெற்றி. ஒரே ஒரு தலையசைப்பில் பாலத்துப் படமும் நிற்கும், கல்யாணமும் நிற்காது, தெருவும் வாயைத் திறக்காது. அவள் ஒரு நொடி யோசித்தாள். ஒரே ஒரு நொடிதான், ஆனால் யோசித்தாள்.

அந்த ஒரு நொடியை லம்யா பார்த்துவிட்டாள். மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். பாதி கடித்த இலைச்சுருளைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.